மஞ்சள் பூசிய மூலைக்கல்

அக்கா,

ஹட்டனில் என் அறைக்குக் கீழே ரோட்டை வெட்டுகிறார்கள். தண்ணீர்க் குழாய் போடவாம். காலையில் சன்னலைத் திறந்ததும் ஈர மண்ணும் டீசல் புகையும் கலந்த மணம் மேலே ஏறி வந்தது. இந்த மலையில் மண் வெட்டும் மணத்தை நான் பல காரணங்களுக்காக முகர்ந்திருக்கிறேன். மண்சரிவு, வீதி அகலிப்பு, அடிக்கல் விழா, அடக்கம். மண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், மணம் மாறுவதில்லை. டீசல் சேர்ந்து வந்தால் மட்டும் எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது.

கீழே இறங்கிப் போனேன். பெக்கோ இயந்திரம் ஒரு கடைக்கு முன்னால் தலையைக் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடையோடு நின்ற மேற்பார்வையாளரிடம், "தம்பி, இந்த ஓரத்துல ஒரு சர்வே கல்லு இருந்துச்சே, பாத்தீங்களா?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க காணியாங்க ஐயா?"

"இல்ல."

"பின்ன என்னாத்துக்குக் கேக்குறீங்க?"

நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அவர் குடையை மடக்குமளவுக்கு ஏதாவது சொல்லியிருப்பீர்கள். கல் இருந்த இடத்தில் மண் குவிந்து கிடந்தது. திரும்பி வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு இப்போது களைப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. படியேறினால் வரும் களைப்பு அல்ல இது. ஒரே செய்தியை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்ப எழுதியதில் வந்தது.

போன கிழமை பூண்டுலோயாவுக்கு மேலே உங்கள் பக்கம் போய் வந்தேன். உங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் ஒழுங்கில்லாமல் போய்விடும். அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை நான் முதலில் பார்த்தது தோட்டத்துப் பழைய தொழிற்சாலையின் மேல் தட்டில். மழையில் உங்கள் லயத்து வரிசை வீடுகளின் பின்சுவர் வெடித்து, மலை இறங்கும் என்று சொல்லி, எல்லோரையும் அங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தேயிலைக் கொழுந்து உலர்த்திய இடத்தில் சேலைகளைக் கட்டித் தடுத்துக் குடும்பங்கள் இருந்தன. இரண்டு கிழமைக்கு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்களாம். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்ததும் நீங்கள் கேட்டீர்கள்:

"நீங்க எந்தப் பேப்பரு?"

சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் செவத்து வெடிப்பத்தான் படம் புடிச்சாங்க. வெடிப்பு இந்நேரம் பெரியாளாயிருச்சு. நீங்களாவது எங்களப் புடிங்க தம்பி."

உங்களுக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தத் "தம்பி" அன்றைக்கே நிலைத்துவிட்டது. அதன் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஏறி வந்தேன். செய்திக்காக வந்தது பாதி. ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் வந்தது மீதி. கணவரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, கொழும்பில் கடையில் வேலை செய்யும் ஒரே மகள் செல்வியோடு தொலைபேசியில் வாழ்க்கை நடத்தி, பகல் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு, மாலையில் மாதர் சங்கத் தலைவியாகப் பத்துப் பேருடைய சண்டையைத் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தீர்கள். அலுக்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "அலுத்து என்னா செய்ய? அலுத்தவங்க போய்ப் படுக்கவும் ஒரு எடம் வேணும்ல" என்றீர்கள்.

இடம் என்ற சொல்லை நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுவீர்கள். அதில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். செல்வி கொழும்பிலிருந்து எது அனுப்பினாலும் அது தோட்ட ஒப்பீசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தர வேண்டும். "லயத்துக்கு நம்பரு இருக்கு, மாட்டுப் பட்டிக்கு நம்பரு இருக்கு. என் பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பரு இல்ல தம்பி. சாகுறதுக்குள்ள ஒரு தபாலு நேரா என் வாசலுக்கு வந்து நிக்கணும்."

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிய சரிவில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. வீடும் உறுதிப் பத்திரமும். மேடை, மாலை, நாதஸ்வரம், எல்லாம் வந்து போயின. நானும் வந்து எழுதிவிட்டுப் போனேன். அதன் பிறகு நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் சர்வேயர் வந்தார்.

கம்பளைப் பக்கத்துக்காரர் அவர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். மூன்று கால் கருவியைச் சரிவில் நிறுத்துவதும் எடுப்பதுமாக இருந்தார். அவருடைய ஆட்கள் மூலைக்கு மூலை சீமெந்துக் கல் நட்டார்கள். முழங்காலுக்கும் கீழேதான் உயரம். அதைப் பார்க்கத் தோட்டமே வந்து நின்றது. நீங்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கொழுந்து மலையிலிருந்து நேராக வந்திருந்தீர்கள். உங்களுக்குக் கிடைத்தது கடைசித் துண்டு. ரோட்டோரத்து மூலை. அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டூண்டா?" என்றீர்கள்.

சர்வேயர் சிரித்தார். போகும் முன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். உறுதி எழுதுவது இந்தக் கற்களை வைத்துத்தான். ஒரு கல் நாலு வீட்டுக்குப் பொது. அது போனால் நாலு வீடும் போகும். ரோடு வெட்டவும் மண் மட்டமாக்கவும் பெக்கோ வரும். வருவதற்கு முன் தனக்குச் சொல்ல வேண்டும். தான் வந்து, வெட்டுப்படாத தூரத்தில் வேறு அடையாளம் வைத்துத் தருவதாகச் சொன்னார். அப்படி வைத்துவிட்டால் நடுவிலிருக்கும் கல் போனாலும் இடம் போகாது.

நியாயமான பேச்சு. இருபது வருடத்தில் நான் கேட்ட அதிகாரப் பேச்சுகளில் நியாயமான சிலவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் யார் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தோட்ட ஒப்பீஸ், மண் வெட்டும் கொந்தராத்துக்காரர் சொல்லுவார் என்று இருந்தது. கொந்தராத்துக்காரர் ஒப்பீஸ் சொல்லியிருக்கும் என்று இருந்தார். பின்னால் அவரிடமே நேரில் கேட்டேன். "எனக்குக் குடுத்த வேல மண்ணு வெட்டுறது. கல்லப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூலியாள் கணக்குப் பார்த்தபடியே சொன்னார்.

பெக்கோ வந்த முதல் நாளே மேல் வரிசையில் ஒரு கல் போய்விட்டது. மூடுபனியில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார் ஓட்டுநர் சுனில். கொத்மலைப் பக்கத்துச் சிங்கள இளைஞர், நல்ல மனிதர். நீங்கள் குச்சி நட்டுச் சிவப்பு நாடா கட்டிப் பார்த்தீர்கள். காற்று அறுத்துக்கொண்டு போனது. உரப் பையைக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். யாரோ உரப் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை குளித்து முழுகி, மஞ்சளைக் குழைத்து உங்கள் மூலைக் கல்லுக்குப் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, இரண்டு செவ்வந்தியும் வைத்தீர்கள்.

இதை நீங்களே எனக்குத் தொலைபேசியில் சொன்னீர்கள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது உங்களுக்கு.

"அந்தப் பய சுனிலு எறங்கி வந்து செருப்பக் கழட்டிட்டுக் கும்புடுறான் தம்பி! 'அம்மா, இது சாமி கல்லுதானே, நான் தொட மாட்டேன்'ங்குறான். நான் என்னா சொல்ல? ஆமாய்யா, ரோட்டோரத்து மாரியம்மான்னு சொல்லிட்டேன்."

"பொய்தானே அக்கா அது?"

"என்னா பொய்யி? பூசுனா சாமிதான். பூசாத வரைக்கும் கல்லு."

ஒரே கிழமையில் எல்லா மூலைக் கல்லுக்கும் மஞ்சள் ஏறிவிட்டது. வேதக்காரக் குடும்பங்கள்கூட, மஞ்சள் பூசினால் பாதர் ஏசுவார் என்று வெள்ளைத் துணி கட்டிச் சிலுவைக் குறி போட்டன. நான் மேலே வந்து பார்த்தபோது அந்தச் சரிவை நம்ப முடியவில்லை. சுனில் அத்தனை கல்லையும் விட்டுவிட்டுச் சுற்றி வெட்டியிருந்தார். தரை ஆளுயரம் இறங்கிவிட்டது. கற்கள் மட்டும் பழைய தரை மட்டத்திலேயே, மண் தூண்களின் உச்சியில், பூவும் பொட்டுமாக நின்றன. தூண் தூணாகச் சரிவு முழுக்க. படம் எடுத்தேன். "பாத்தீங்களா, எங்கூரு கோபுரத்த?" என்றீர்கள்.

அன்றைக்கு உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்க்கவில்லை. அதனால்தான் இனி வருவதை எழுதக் கை ஓடமாட்டேன் என்கிறது.

மழை தொடங்கியது. விட்டு விட்டுப் பெய்யும் மழை அல்ல, ஊற்றிக்கொண்டே இருக்கும் மழை. மண் தூண்கள் ஊறி, ஓரம் உதிர ஆரம்பித்தன. கீழ் வரிசையில் ஒரு தூண் சாய்ந்து கல் தலைகுப்புறச் சகதியில் விழுந்துவிட்டது. அதைப் பார்த்தவர்களில் உங்கள் கொழுந்தனார் செல்லையா அண்ணனும் ஒருவர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், தோட்டத்துக் கோயிலில் பூசாரியும் அவர்தான். சாமி சேற்றில் கிடப்பதை ஒரு பூசாரி எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? நீங்கள் கொழுந்து மலையில் இருந்தீர்கள். அவர் சுனிலையும் கூட்டிக்கொண்டு, தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தி, ஒவ்வொரு தூணாக ஏணி வைத்து ஏறி, கல்லைப் பெயர்த்து, துண்டைச் சும்மாடு கோலித் தலையில் வைத்து இறக்கியிருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் கைகொடுத்திருக்கிறார்கள். சரிவின் அடியில் பெரிய டர்பன்டைன் மரம் இருக்கிறதே, அதன் நிழலில் மேடை கட்டி, அத்தனை கல்லையும் வரிசையாக நிறுத்தி, கழுவி, புதுசாக மஞ்சள் பூசி, மாலையும் போட்டுவிட்டார்கள்.

பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் வந்தபோது அங்கே பொங்கலுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்களாம்.

"அண்ணி, ஒரு கல்லுகூடக் கீறல் விழல. எல்லாத்தையும் காப்பாத்திட்டோம்" என்று செல்லையா அண்ணன் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கல் இல்லாத தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்களாம். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். சொல்லும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நீங்கள் சொன்னது இதுதான்:

"செல்லையா, சாமிய எங்கிட்டுக் கொண்டுபோய் வச்சாலும் சாமிதான்யா. கல்லு அப்புடி இல்லையே. கல்லு நின்ன எடத்துல நின்னாத்தான் கல்லு."

எனக்குத் தொலைபேசி வந்தது அதற்குப் பிறகு. "தம்பி, கமராவ எடுத்துக்கிட்டு வாங்க. இங்க ஒரு கூத்து நடக்குது" என்றீர்கள். குரலில் சிரிப்பு இருந்தது. அதை நம்பித்தான் தலவாக்கலையில் பஸ் ஏறினேன். வந்து சேர்ந்தபோது மழை குறையவில்லை.

நீங்கள் சரிவின் ரோட்டோர முனையில், வெளிப்பக்கம் அரைகுறையாகச் சரிந்த உங்கள் மண் தூணின் மேல், படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். கீழே பெக்கோ. சுனில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மழையில் இறங்கி நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எறங்குங்க. விழுந்திருவீங்க. நான் இத மட்டமாக்க ஓணும். பாஸ் ஏசுறாரு."

"கல்லு சாமியாப் போயிருச்சுல்ல? அப்ப நான் கல்லா நிக்கிறேன். நீ சுத்தி வெட்டு."

"அம்மாவச் சுத்தி எப்புடி வெட்டுறது?"

"கல்லச் சுத்தி வெட்டத் தெரிஞ்சுச்சுல்ல? அப்புடியேதான்."

இதைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் ஓடி வந்தார்கள். அவரவர் மூலை என்று நினைத்த இடத்தில் ஏறி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவு முழுக்க மழைக்குள் பெண்கள், கல்லுக்குப் பதில் நின்றுகொண்டிருந்தார்கள். என் வேலையில் பல போராட்டங்கள் பார்த்திருக்கிறேன். பதாகையும் கோஷமும் இல்லாமல், ஆளே அடையாளமாக நின்றதை அங்கேதான் பார்த்தேன். ஆனால் ஒருவரும் அழகாக நிற்கவில்லை, அதையும் எழுத வேண்டும். நின்ற உடனே சண்டை வந்துவிட்டது.

"ஏய் பாக்கியம், நீ என் குசினிக்குள்ள நிக்கிற!"

"ஒங் குசினியா? இது என் வாசப்படி. நீதான் என் பெட்ரூமுக்குள்ள வந்து நின்னுக்கிட்டுக் கத்துற."

"வூடே இல்ல, அதுக்குள்ள பெட்ரூமாம் இவளுக்கு!"

நீங்கள் மேலே நின்றபடியே கத்தினீர்கள். "சண்ட போடுங்கடி, ஆனா எடத்த விட்டு நகராம போடுங்க!"

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சுனிலும் சிரித்தார். மழை விட்ட பிறகு செல்லையா அண்ணன் அலவாங்கையும் ஒரு கட்டு மரமுளைகளையும் சுமந்துகொண்டு ஏறி வந்தார். ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு முளை அடித்தார். உங்கள் காலடியில் அடிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இங்கதானே அண்ணி?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டார். "இங்கதான். நூல் புடிச்ச மாதிரி இங்கதான்" என்றீர்கள். இறங்கி வந்ததும் அவர் கையில் இருந்த பொங்கலை வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதற்கு மேல் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். ஆசிரியர் பீடத்தில் அது வேடிக்கைச் செய்தியாகிக் கடைசிப் பக்கத்தில் பெட்டி கட்டி வந்தது. பேஸ்புக்கில் ஊரே சிரித்தது. நான் வருத்தத்தோடு உங்களிடம் வந்தேன். "சிரிக்கட்டும் தம்பி. சிரிக்கவாவது வாசிச்சாங்கல்ல. வெடிச்ச செவத்தப் பத்தி எழுதுனத யாரு வாசிச்சா?" என்றீர்கள்.

சர்வேயர் வந்தார். ஏசவில்லை. மரத்தடியில் வரிசையாக நின்ற தன் கற்களைப் பார்த்தார். மாலைகளைப் பார்த்தார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் குடித்து முடித்தார். முளைகளைக் காட்டினோம். "இதெல்லாம் உங்க மனசுல உள்ள எல்லை. சட்டத்துக்கு இது காணாது" என்றார். என் படங்களைக் காட்டினேன். படமும் போதாது. பழைய பிளேன் வரைபடத்தை வைத்துத் திரும்ப அளந்துவிடலாம் என்றார். அதற்கு, தான் முன்பு அளக்கத் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். அந்த இடம் கீழே ரோட்டில், பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பதித்த ஓர் இரும்பு ஆணி. எல்லோருமாக இறங்கிப் போனோம். பாலத்தை அகலமாக்கி இருந்தார்கள். பழைய சுவர் இல்லை. ஆணியும் இல்லை.

சர்வேயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்கும் ஒரு பொட்டு மஞ்சள் வச்சிருக்கலாம் நீங்க."

"வச்சிருப்போம் சார். அப்புடி ஒண்ணு இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா" என்றீர்கள்.

இனி எங்கோ தூரத்தில் அழியாமல் இருக்கும் வேறோர் அடையாளத்திலிருந்து அளந்துகொண்டு வர வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். ஆள் வேண்டும். வேறு அவசர வேலைகள் முடிய வேண்டும். அதுவரை உறுதி இல்லை. உறுதி இல்லாமல் வீடும் இல்லை. அவர் தன்மையாகத்தான் சொன்னார். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

அதன் பிறகு நான் வந்தபோதெல்லாம் தொழிற்சாலை மேல் தட்டில் சேலைத் தடுப்பு வெளுத்துக்கொண்டே போனது. ஒரு தடவை உங்கள் முளையைப் பார்க்கக் கூட்டிப் போனீர்கள். கைத்தடி வந்துவிட்டது உங்களுக்கு. முளையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வைத்திருந்தீர்கள். ரோட்டுப் பக்கம் கான் வெட்டியிருந்தார்கள், தண்ணீர் போக. கானுக்கும் முளைக்கும் நடுவில் கொஞ்சம் மண் சும்மா கிடந்தது. "அது ரோட்டுக்காரங்களது தம்பி. நமக்கு நம்ம எல்ல வரைக்கும் போதும்" என்றீர்கள். அந்தச் சும்மா கிடந்த மண்ணில் உங்கள் நிழல்கூட விழாதபடி தள்ளித்தான் நின்றீர்கள்.

பிறகு காய்ச்சல், நுவரெலியா ஆஸ்பத்திரி, செல்வியின் அழைப்பு. அடக்கத்துக்கு வந்தேன். வழக்கமான சரிவில் வழக்கமான இடம். குழி வெட்டியவர்கள் கண்ணால் பார்த்து இடம் தீர்மானித்தார்கள். உங்களைப் புதைக்க யாரும் பிளேன் கேட்கவில்லை, அக்கா. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதி ஆசிரியருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் கோபம்கூட இல்லை. அலுப்புத்தான் இருக்கிறது.

சரி. போன கிழமைக்கு வருகிறேன்.

திரும்ப அளக்க வந்துவிட்டார்கள் என்று செல்லையா அண்ணன் தொலைபேசியில் சொன்னார். போனேன். அதே சர்வேயர்தான், தலை முழுக்க நரைத்துவிட்டது. கந்தப்பளைப் பக்கம் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் கொங்கிரீட் போட்டார். வெட்டுப்படாத தூரத்தில் துணைக் கற்களும் நட்டு, அவை எங்கே இருக்கின்றன என்று வீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். செல்லையா அண்ணன் மஞ்சள் கிண்ணத்தோடு ஒரு மூலையில் நின்றார். "பூசலாமா சார்?" என்று கேட்டார். "பூசுங்க. தூக்க மட்டும் வேணாம்" என்றார் சர்வேயர்.

அந்தக் காலத்தில் அடித்த முளைகளில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. புதுக் கல் வந்தபோது பெரும்பாலான முளைகள் அடுத்தவர் பக்கம் தள்ளியே இருந்தன. பாக்கியம் அக்காவின் முளை அடுத்த வீட்டுக் குசினிக்குள் ஒரு பாகத் தூரம் போயிருந்தது. அதற்கு இப்போதும் ஒரு சண்டை நடந்து, சிரிப்பில் முடிந்தது. உங்கள் மூலைக்குக் கடைசியாக வந்தார்கள். செல்வி கொழும்பிலிருந்து வந்திருந்தாள். உங்கள் முளை உளுத்துப்போய் நின்றது. சர்வேயரின் ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முளையைத் தாண்டிப் போனான். இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினார் சர்வேயர். அவன் இன்னும் கொஞ்சம் போனான். கானின் விளிம்பில் நிறுத்தினார்கள். கல் அங்கேதான் நடப்பட்டது.

உங்கள் கணக்கு ஒரு முழம் தப்பு, அக்கா. உங்களுக்கு எதிராகவே தப்பு. ரோட்டுக்காரர்களது என்று நீங்கள் மிதிக்காமல் தள்ளி நின்ற அந்த மண் உங்களுடையது.

உறுதி இன்னும் கையில் வரவில்லை. பட்டியலில் இருப்பது உங்கள் பெயர். அதை மகள் பெயருக்கு மாற்ற மரண அத்தாட்சியும் வேறு சில கடதாசிகளும் வேண்டுமாம். செல்வி மூன்று ஒப்பீசுகளின் பெயரை எனக்குச் சொல்லி, எதற்கு முதலில் போவது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வீட்டு இலக்கம் எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆட்கள் கருவியை மடித்துக்கொண்டு இறங்கிய பிறகு அவள் மட்டும் அந்த மூலையில் நின்றாள்.

"மாமா, அன்னைக்கு மழையில அம்மா எங்க நின்னாங்க?"

முளையைக் காட்டினேன். அவள் போய் அதன் பக்கத்தில் நின்று, புதுக் கல்லைப் பார்த்தாள். பிறகு கானைப் பார்த்தாள்.

"அப்ப இது ரோடு இல்லையா? எங்க எடமா?"

"உங்க எடம்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

நான் குனிந்து புதுக் கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். இறங்கி வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும், இதோ இன்று வரையிலும், அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது. செய்தியை உரிய ஆளிடம் சேர்ப்பதுதான் என் தொழில். இந்த ஒன்றைச் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு அத்தனை மழையில், பெக்கோவுக்கு முன்னால், எல்லையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நின்றீர்களே, அக்கா. அது எல்லை இல்லை. நீங்கள் நின்றது உங்கள் காணிக்குள்.